ஒரு ஆள் இருக்கும் வரை

"இன்னும் எத்தனை பேர் மிச்சம்?" என்று கேட்டேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பேச ஏதாவது வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"ரெண்டு பேர்," என்றார் என் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அச்சகக்காரர், அப்புறம் லேத் அக்கா."

"ரெண்டு பேருக்காகவா இவ்வளவு பாடு?"

"ஒருத்தர் இருந்தாலும் விட முடியாதும்மா. எங்க ஆளுங்க வழக்கமே அதான். ஒரே ஒருத்தர் 'இதை வெச்சுத்தான் நான் பொழைக்கிறேன்'னு கையைத் தூக்கினாப் போதும், யாரும் தொட மாட்டாங்க."

"அந்த ரெண்டு பேரும் இல்லேன்னா?"

"அப்புறம் என்ன, கடையைச் சாத்திட்டு உன் பின்னாடியே சுத்த வேண்டியதுதான்." அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "உனக்கு ஏதாவது வேணுமா? காலையிலேர்ந்து ஒரு மாதிரி இருக்கியே."

"எனக்கென்ன, ஒண்ணும் வேணாம்," என்றேன்.

நீங்கள் முதலில் கேட்டது, கோபத்தில் செய்தேனா என்று. எனக்குக் கோபம் வருவது அபூர்வம். எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். நாங்கள் சண்டை போட்டு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரும் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. டீ போட்டால் முதல் டம்ளரை எனக்குத் தருவார். நான் தூங்கிவிட்டால் மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

அவருடைய வேலையை உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. உங்கள் ஸ்டேஷன் மேசையில் இருக்கிற கணினிக்குள் ஓர் இயங்குதளம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பெட்டி வெறும் தகரம். பெரும்பாலும் அதைக் கம்பெனிகள் விற்கின்றன, நாம் வாங்குகிறோம். இவர் வேலை செய்தது யாரும் விற்காத ஒன்றில். உலகம் முழுக்க இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதி, எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. இவர் பொறுப்பில் இருந்தது ஒரு பழைய சிப். அதைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிப் உள்ள கணினியிலும் புதிய பதிப்பு ஓட வேண்டும் என்பதுதான் இவருடைய பாடு.

அந்த ஆயிரக்கணக்கான பேரும் புதுச் சிப்புகளை மனதில் வைத்துத்தான் எழுதுவார்கள். அதில் யாரோ எங்கோ செய்த ஒரு மாற்றம் இவருடைய பழைய சிப்பின் காலை வாரிவிடும். எந்த மாற்றம் என்று தேடிப் பிடித்துச் சரிசெய்வார். பிறகு எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்த பழைய பெட்டியில் முழுவதையும் மறுபடி கட்டிப் பார்ப்பார். அந்தப் பெட்டிக்கு அது ஒரு நாள் பூராவும் ஆகிற வேலை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற ஆளைப் போல நடந்துகொண்டிருப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம், ஓர் உவமைக்குச் சொன்னேன்.

பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாலையும் விடுமுறையும் அந்தப் பெட்டிக்கு. முதுகு கூன ஆரம்பித்திருந்தது. கண் சிவந்தே இருக்கும். நான் செய்ததெல்லாம் அவருடைய உடம்பை நினைத்துத்தான். இதை நீங்கள் எங்காவது குறித்துக்கொண்டால் நல்லது.

எனக்கு அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. உண்மைதான். கல்யாணமான புதிதிலிருந்தே மனதில் இருந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? அவராகத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அச்சகக்காரரிடம் நான் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தேன். அடுத்த தெருவில் கடை. மனைவியை இழந்தவர், மகன் வெளியூரில். கடையிலேயே சமைத்து, கடையிலேயே படுப்பார். ஓர் அலுவலகம் பழைய கணினிகளைக் கழித்துக்கட்டியபோது என் கணவர்தான் இரண்டைத் தூக்கிவந்து, ஒன்றை அச்சகக்காரருக்கும் இன்னொன்றை லேத் அக்காவுக்கும் கொடுத்தார். அச்சகத்தில் அது காகிதம் வெட்டும் இயந்திரத்தை நடத்தியது, அக்காவின் பட்டறையில் இரும்பு கடையும் லேத்தை. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், புதுக் கணினி ஒன்று நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். "புதுசு எதுக்கும்மா? இந்த வெட்டு மெஷின் அந்தக் கிழவன்கூட மட்டும்தான் பேசும். பல வருஷமா குடும்பம் நடத்துதுங்க. நடுவுல நாம பூந்து பிரிச்சா பாவம்."

எல்லோரும் அந்தப் பெட்டியை அவன், இவன் என்றுதான் சொன்னார்கள். அது எனக்கு எப்போதும் சங்கடமாக இருந்தது.

அடுத்த தடவை போனபோது, அவர் கை கழுவப் பின்பக்கம் போன நேரத்தில், பெட்டியின் காற்றுத் துளைகளில் உப்புத் தண்ணீரை ஊற்றினேன். அது தவறான முடிவு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அந்த வாரம் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவதாக இருந்தோம். என் கணவர் லீவு போட்டிருந்தார். அந்த லீவு முழுக்க அச்சகத்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஈயப்பற்று வைக்கிற கம்பியோடு கிடந்தார். கடைசியில் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் புகை நாற்றம். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "பொழைச்சுக்கிட்டான்," என்றார். கடற்கரைக்கு இன்னொரு சமயம் போகலாமா, உனக்கு வருத்தம் இல்லையே என்று கேட்டார். எனக்கென்ன வருத்தம் என்றேன்.

அன்று ஒன்று தெளிவாகப் புரிந்தது. பெட்டியை உடைத்தால் இவருக்கு வேலை கூடும். இவர்கள் வழக்கத்தில் கணக்கில் வருவது பெட்டி இல்லை, ஆள்.

அச்சகத்துப் பையன்கள் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்துப் போனேன். கொஞ்சம் கெட்டி அட்டை வேண்டும் என்றேன். பரணில் இருக்கிறது என்று ஏணியைச் சாய்த்து, அந்த வயதில், எனக்காக ஏறினார். ஏணியை இழுத்தேன். வெட்டு மேசையின் விளிம்பில் இடுப்பு மோதிக் கீழே விழுந்தார். காய்ந்த குச்சியை மிதித்தது போல ஒரு சத்தம். என்னை அவர் சந்தேகப்படவே இல்லை. "வழுக்கிடுச்சும்மா," என்றார். "கொஞ்சம் தண்ணி குடு."

கொடுத்தேன். தலையைத் தாங்கிப் பிடித்து, பாதி டம்ளர் குடிக்கும் வரை காத்திருந்தேன். புத்தகங்களுக்குப் பசை ஒட்டியபின் மேலே பாரம் வைக்கிற இரும்புப் பாளம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து நெற்றியில் போட்டேன். ஒரே அடியில் முடிந்துவிடும் என்று நினைத்தது என் அறியாமை. மனிதத் தலை நாம் நினைப்பதைவிட உறுதியானது. நடுவில் பாளம் கையில் வழுக்க ஆரம்பித்தது. அவர் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கண் மட்டும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. பிறகு அதுவும் இல்லை.

பாளத்தைத் தலைக்குப் பக்கத்திலேயே விட்டேன், அவரோடு சேர்ந்து பரணிலிருந்து விழுந்தது போல இருக்கட்டும் என்று. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எச்சில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வருவது எனக்குப் பழக்கம் இல்லை. உங்கள் ஆட்கள் வந்து பார்த்து, தனியாக இருக்கிற கிழவர் பரணில் ஏறலாமா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் கணவர் அழுதார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக என் மடியில் தலை வைத்துப் படுத்தார். நான் தலையைக் கோதிக்கொடுத்தேன். உள்ளறைப் பெட்டி அணைந்து கிடந்தது. அதன் விசிறிச் சத்தம் இல்லாமல் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்றே எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதுகூடக் கேட்டது. நாங்கள் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் லேத் அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது. புதுப் பதிப்பு அவருடைய பெட்டியில் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். இவர் முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

லேத் அக்காவை நீங்கள் உயிரோடு பார்த்திருக்க வேண்டும். ஆண்பிள்ளைத் தோள். கை முழுக்க எண்ணெய்க் கறை. இரும்பைக் கடைந்து பம்புகளுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறையைத் தனியாளாக நடத்தினார். என் கணவரைத் தம்பி என்பார். என்னை ஊரே கேட்கும்படி கேலி செய்வார். விடுமுறை நாள் காலையில், வேலையாட்கள் இல்லாதபோது போனேன். அவர் மட்டும் அவசர வேலை ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார்.

"வா வா, தம்பி பொண்டாட்டி," என்றார். "என்ன, புருஷனை வேவு பார்க்க வந்தியா? பயப்படாதே. எனக்கு ஒரு புருஷன் இருந்து அலுத்துப்போச்சு. இன்னொண்ணு வேணாம்."

நான் சிரித்தேன். இந்தப் பெட்டியை விட்டுவிடக் கூடாதா அக்கா என்று கேட்டேன். எதற்கு என்றார். என் கணவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அக்கா இயந்திரத்தை நிறுத்தினார். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன் வீட்டுல இருக்கணும்னா அதை அவன்கிட்ட சொல்லு. ஒரு வார்த்தை போதும். அவன் சரின்னு சொல்லிட்டா நாளைக்கே இந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுட்டு நான் வேற வழி பார்த்துக்கறேன். என்னால முடியாதா என்ன? நீ இதுவரைக்கும் சொல்லியிருக்கியா?"

இல்லை என்றேன்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

நியாயமான பேச்சுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வெளி மனுஷி சொல்லிக் கேட்கிற நிலைமை வந்துவிட்டதே என்று இருந்தது. அவர் வேலையைத் தொடரத் திரும்பினார். பலகையில் இருந்த பெரிய ஸ்பானரை எடுத்துப் பின்னந்தலையில் அடித்தேன்.

என் இடது சுண்டுவிரல் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டீர்களே, அது அவர் ஒடித்தது. விழவே இல்லை. ரத்தம் காதோரம் வழிய, திரும்பி, என் கையைப் பிடித்து முறுக்கினார். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டார், அதட்டலாகக்கூட இல்லை, சின்னப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி. வாயில் அடித்தேன், பல் உடைந்தது. கழுத்தெலும்பில் அடித்தேன், அந்தப் பக்கத்துக் கை தொங்கிவிட்டது. இன்னொரு கையால் என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருமாகத் தரையில், இரும்புச் சுருள்களின் மேல், உருண்டோம். அவருக்குப் பலம் அதிகம். எனக்குக் காரணம் அதிகம். கடைசியில் அவர் விரல்கள் தானாகத் தளர்ந்தபோது என் முடி ஒரு பிடி அவர் கையில் இருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

பிறகு அவரை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிமிர்த்தி, வேலைச் சட்டையின் கையைச் சுழலும் பகுதியில் சிக்கவைத்துப் பொத்தானை அழுத்தினேன். என் அடிகள் எதையும் தனியாக அடையாளம் காண முடியாதபடி மீதி வேலையை அது செய்தது. அதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டாம். எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

விரல் கதவில் நசுங்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் பதறிப்போனார். குச்சி வைத்துக் கட்டுப்போட்டார். கையை ஈரமாக்கக் கூடாது என்று பாத்திரம் எல்லாம் தானே தேய்த்தார். ஊட்டிக்கூட விட்டார். இரண்டு சாவு நடந்து நொந்துபோயிருந்த மனிதர், என் விரலுக்காக அவ்வளவும் செய்தார். 

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் குழுவின் தலைமைப் பொறுப்பாளர் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினார். இந்தப் பழைய சிப்பை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா, அடுத்த பதிப்புக்குள் ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று. ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். ஒவ்வொரு தடவையும் அச்சகக்காரரும் லேத் அக்காவும் நாங்கள் இருக்கிறோம் என்று எழுதுவார்கள். இந்தத் தடவை ஒருவரும் எழுதவில்லை. யாரும் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவும் அவர்கள் வழக்கம்தான். நல்ல வழக்கம். நானும் உள்ளறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தேன். பெட்டி இருக்கிற மேசையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலி போடலாம் என்று அளந்துவைத்தேன்.

அப்புறம் ஒரு காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. அச்சகக்காரருடைய மகனும் அக்காவின் பட்டறை ஆட்களும், இனி எங்களுக்கு எதற்கு என்று, இரண்டு பெட்டிகளையும் இவருக்கே அனுப்பியிருந்தார்கள். உள்ளறையில் இடம் போதவில்லை. படுக்கையறைக்குக் கொண்டுவந்தார். லேத் அக்காவின் பெட்டியைக் கட்டிலில் நான் படுக்கிற பக்கத்தில் வைத்தார். அதன் ஓரத்தில் இன்னும் எண்ணெய் விரல் தடம் இருந்தது.

"பதில் போட்டுட்டேன்," என்றார். குரலில் பல நாளாக இல்லாத தெம்பு. "இனிமே நான்தான் அந்த ஒரு ஆள்."

எதற்கு என்று கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. எனக்கே அலுத்துத்தான் போயிருந்தது. அவங்க உயிரோட இருந்திருந்தா, புதுசா வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டு, இந்த வருஷமே விட்டிருப்பேன். இப்ப எப்படிம்மா விடறது? அவங்க ஞாபகமா இருக்கறது இது ஒண்ணுதான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு இடைஞ்சலா இருக்கா? சொல்லு, வேற எங்கயாவது வெச்சுக்கறேன்."

"எனக்கென்ன, இருக்கட்டும்," என்றேன்.

அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது உண்மை. மேலோட்டமாகக் கேட்பது வேறு, மனதறிந்து கேட்பது வேறு.

அவர் தரையில் மண்டியிட்டு, சுவரோரம் வயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். பின்கழுத்தில் நரைமுடி வெட்டாமல் வளர்ந்திருந்தது. முடி வெட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் கட்டில்மேல் இருந்த பெட்டியைத் தூக்கினேன். அந்தக் காலத்துத் தகரம், நல்ல கனம். ஒடிந்த விரல் வலித்தது. தலைக்கு மேலே உயர்த்தி, அதன் மூலை அவர் உச்சந்தலையில் படும்படி இறக்கினேன். முகம் சுவரில் மோதியது. மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினேன். மூன்றாவது தடவை தூக்கும்போது பெட்டி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து திறந்துகொண்டது. அதனால்தான் அவருக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. வேறு காரணம் இல்லை.

உங்களுக்கு நான் மறுநாள்தான் போன் செய்தேன். அதுவரை என்ன செய்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் எப்படியோ புரண்டு, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தார். ரத்தம் இரண்டு கண்களையும் மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை போலும். கையை நீட்டித் துழாவி என் முழங்காலைத் தொட்டார். தொட்டதும் என்னைத் தள்ளினார், பலமே இல்லாமல், கதவுப் பக்கமாக.

"யாரோ உள்ள வந்துட்டாங்க," என்றார். வார்த்தைகள் குழறின. "நீ போயிடும்மா. வெளிய ஓடிடு. உன்னை ஏதாவது பண்ணிடப் போறான்."

யாரும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு முன்னால் வந்து மறைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். கை வழுக்கியது. மறுபடி ஊன்றினார். டாக்டருக்குப் போன் பண்ணு என்றார். போன் மேசைமேல், கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஊன்றிய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தோளில் சாய்ந்தேன். கல்யாணமான புதிதிலிருந்து நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பிப் போனது, அப்போது எந்தச் சிரமமும் இல்லாமல் வெளியே வந்தது.

"எழுந்திருக்காதீங்க," என்றேன். "எனக்கு ஒண்ணு வேணும். கொஞ்ச நேரம், வேற யாரையும் நினைக்காம, என்கூட உட்கார்ந்திருங்க."